குடல் அழற்சி நோய் மருந்துகளும் புற்றுநோய்ப் பயமும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இரண்டையும் சேர்த்துக் குடல் அழற்சி நோய் என்கிறோம். வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம், வயிற்றுவலி, மெலிவு என்று ஆண்டுக்கணக்கில் வருவதும் போவதுமாக இருக்கும் வருத்தம் இது. இதை அடக்கக் கொடுக்கும் மருந்துகளில் பல, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தே வேலை செய்கின்றன. அவற்றில் சில, புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகின்றன. இது உண்மை. குளிசைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளிலும் பொடி எழுத்தில் இது அச்சிடப்பட்டிருக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளை அதை வாசித்துப் பொருள் சொல்கிறது. மறுநாள் குளிசை நின்றுவிடுகிறது. வைத்தியரிடம் ஒருவரும் சொல்வதில்லை. சில மாதங்கள் கழித்து நோயாளர் காவு வண்டியில் இரத்தப்போக்கோடு வந்து இறங்கும்போதுதான் சங்கதி தெரிகிறது.

கிளினிக் வாங்கில் காத்திருப்பவர்கள் தாதியான என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வைத்தியரிடம் கேட்கத் தயங்கியவற்றை இதை வாசித்த பிறகாவது கேட்பீர்கள் என்பது என் எதிர்பார்ப்பு. உங்கள் மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் வைத்தியரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவுகள்.

இந்தக் குளிசையால் புற்றுநோய் வருமா, வராதா? நேராகச் சொல்லுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு வராது. மிகச் சிலருக்கு வரலாம். அந்த "மிகச் சிலர்" எத்தனை பேர் என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதிகம் பேசப்படுவது லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய். பிரான்ஸ் நாட்டில் ஏறத்தாழ 190,000 குடல் அழற்சி நோயாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2017 இல் ஜாமா மருத்துவ இதழில் வெளிவந்தது. அதன் கணக்கை நம் ஊர் அளவில் பார்ப்போம். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கூடும் சனத்தில் பத்தாயிரம் பேரை மட்டும் எண்ணி நிறுத்துங்கள். அவர்கள் எல்லோருக்கும் குடல் அழற்சி நோய் இருக்கிறது, ஆனால் இந்த மருந்துகள் எதையும் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் அவர்களில் 3 பேர் அளவில் லிம்போமா காணும். பத்தாயிரம் பேரும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அசதயோப்ரின் வகைக் குளிசை எடுத்தால் 5 பேர் அளவில் காணும். இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் போன்ற ஊசி மட்டும் என்றால் 4 பேர் அளவில். குளிசையும் ஊசியும் சேர்ந்தால் 9 அல்லது 10 பேர்.

"இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது" என்று செய்தியில் வருவதும் இதே ஆய்வுதான் (மேலே முழு எண்ணாக்கிச் சொன்னேன்; சரியான கணக்கு 2.6 இலிருந்து 5.4). இரண்டு மடங்கு என்று கேட்டால் நெஞ்சு பதறும். பத்தாயிரத்தில் மூன்று ஐந்தானது என்று கேட்டால் யோசிக்க முடியும். வைத்தியர் உங்களிடம் மடங்குக் கணக்கில் பேசினால், பத்தாயிரம் பேரில் எத்தனை பேர் என்று திருப்பிக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவாகாது.

இன்னொன்று. இது எல்லா வயதினரையும் சேர்த்து எடுத்த சராசரி. வயது ஏற ஏறக் கணக்கும் ஏறும். 2009 இல் லான்செட் இதழில் வெளியான மற்றொரு பிரெஞ்சு ஆய்வில், இந்தக் குளிசை எடுத்த 65 வயதைத் தாண்டியவர்களில் ஓராண்டில் ஆயிரத்துக்கு 5 பேர் அளவில் லிம்போமா கண்டார்கள். ஐம்பது வயதுக்குக் கீழே அது ஆயிரத்துக்கு ஒருவரிலும் குறைவு. அதனால்தான் வைத்தியர்கள் முதியவர்களுக்கு இதைத் தொடங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிக்கிறார்கள்.

எந்த மருந்துக்கு இந்தப் பேச்சு, எந்த மருந்துக்கு இல்லை?

மெசலசின், சல்பாசலசின் இரண்டும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல. இவற்றால் புற்றுநோய் கூடுவதில்லை. மெசலசின் அரிதாகச் சிறுநீரகத்தைத் தாக்கும். வவுனியாப் பக்கத்தில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் ஏற்கெனவே ஒரு துயரமாக இருப்பதால், மெசலசின் எடுப்பவர்கள் கிரியேட்டினின் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

அசதயோப்ரினும் மெர்கப்டோபியூரினும் ஒரே குடும்பம். லிம்போமா, தோல் புற்றுநோய் என்ற பேச்சு முக்கியமாக இவற்றைப் பற்றியது. குடல் நோயாளர்களில் மெதோட்ரெக்சேட்டுக்கு எதிராக இவ்வளவு தெளிவான சான்று இல்லை. இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் ஊசிகளுக்கு மேலே சொன்ன அளவு லிம்போமா வாய்ப்பும், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் சற்றே கூடுவதாகச் சில ஆய்வுகளும் உண்டு. வெடோலிசுமாப் பெரும்பாலும் குடலில் மட்டும் வேலை செய்கிறது. அதிலும் உஸ்டெகினுமாபிலும் இதுவரை புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆனால் விலையும் கிடைக்கும் தன்மையும் எல்லோருக்கும் எட்டுவதில்லை.

டொஃபாசிடினிப் என்ற குளிசை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டுவாத நோயாளர்களில் 50 வயதைத் தாண்டி, இதய நோய்க்கான காரணிகளும் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில், அடலிமுமாப் வகை ஊசிகளோடு ஒப்பிட்டபோது புற்றுநோயும் மாரடைப்பும் கூடுதலாகக் காணப்பட்டன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. புகைப்பவர்கள் இந்தக் குளிசை பற்றிப் பேச்சு வரும்போது புகைப்பதை மறைக்கக் கூடாது.

பிரெட்னிசலோன் போட்டால் வருத்தம் உடனே அடங்குகிறது. புற்றுநோய்ப் பயமும் இல்லையாம். அதையே தொடரலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீரொய்ட் மருந்து. அது தீயை அணைக்கும்; மீண்டும் பற்றாமல் காக்காது. பழைய மருந்துச் சிட்டையைக் காட்டி மருந்துக்கடையில் மீண்டும் மீண்டும் வாங்கிப் போடுபவர்களைப் பார்க்கிறேன். முகம் வட்டமாக ஊதி, சீனி ஏறி, எலும்பு தேய்ந்து, கண்ணில் புரை விழுந்து, தொற்றுக்களுக்கு வாசல் திறந்துவிட்ட நிலையில் வருகிறார்கள். நீண்ட காலம் எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அசதயோப்ரின் கொடுப்பதே உங்களை இந்தக் குளிசையிலிருந்து விடுவிக்கத்தான். ஆனால் அசதயோப்ரின் முழுதாக வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் எடுக்கும். முதல் மாதத்தில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிட்டுப் பழையபடி பிரெட்னிசலோனுக்குத் திரும்புவதுதான் நாம் அடிக்கடி காணும் வழுக்கல்.

அசதயோப்ரின் புகையிலை இருக்கும் அதே புற்றுநோய்ப் பட்டியலில் இருக்கிறதாமே?

இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. "மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று உண்டு" என்பதே அந்தப் பிரிவின் பொருள். எவ்வளவு உண்டாக்கும் என்பதை அந்தப் பட்டியல் அளப்பதில்லை. புகையிலையும் பாக்கும் மதுவும் கடும் வெயிலும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. அசதயோப்ரினால் வரும் வாய்ப்பின் அளவை மேலே பார்த்தோம். அதுதான் உங்களுக்கு வேண்டிய கணக்கு.

என் மகனுக்கு 19 வயது. இளம் ஆண்களுக்கு ஆபத்து கூட என்று கேள்விப்பட்டேன்.

அம்மா, நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது. இரண்டு விடயங்கள்.

முதலாவது, ஈரலையும் மண்ணீரலையும் பற்றும் ஒரு வகை லிம்போமா. உலகம் முழுவதும் எண்ணிச் சொல்லக்கூடிய அளவுக்கு அரியது. ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் 35 வயதுக்குக் குறைந்த ஆண்கள். அசதயோப்ரின் வகையை இரண்டு ஆண்டுக்கு மேல் தனியாகவோ ஊசியோடு சேர்த்தோ எடுத்தவர்கள். ஆகவே இளைஞர்களுக்குக் குளிசையையும் ஊசியையும் சேர்த்துக் கொடுக்கும்போது, அந்தக் காலத்தைக் குறுக்க முடியுமா என்று வைத்தியர்கள் பார்ப்பார்கள். நீங்களும் கேட்கலாம்: "ஐயா, இரண்டு மருந்தும் எவ்வளவு காலம் சேர்ந்து போகும்? பிறகு எதை நிறுத்துவீர்கள்?"

இரண்டாவது, எப்ஸ்டீன்-பார் வைரஸ். பெரும்பாலானவர்களுக்குச் சிறுவயதில் தொற்றி, சாதாரணக் காய்ச்சல் போலவோ ஒன்றுமே தெரியாமலோ போய்விடும். பிறகு ஆயுள் முழுதும் உடலுக்குள் அடங்கிக் கிடக்கும். இதுவரை தொற்றாத இளைஞன் ஒருவனுக்கு, அசதயோப்ரின் எடுக்கும் காலத்தில் முதன்முதலாகத் தொற்றினால், அரிதாக அது லிம்போமாவாக மாறலாம். முன்பு தொற்றியதா என்பதை இரத்தப் பரிசோதனை காட்டும். வசதி இருந்தால் தொடங்கும் முன் செய்துகொள்வது நல்லது. செய்ய முடியாமல் போனாலும், தொண்டை நோவு, கழுத்துக் கட்டி, விடாத காய்ச்சல் மூன்றும் சேர்ந்து வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக் கொண்டிருக்காமல் கூட்டிவாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றையும் சேர்க்க வேண்டும். 19 வயதில் அடங்காத குரோன் நோய் குடலைச் சுருக்கும், குத வழியில் புரை வைக்கும், அறுவை மேசைக்கு மீண்டும் மீண்டும் அழைக்கும். மருந்தின் ஆபத்தைத் தனியாக எடுத்து நிறுக்க முடியாது. தராசின் மறுதட்டில் மருந்தில்லாத நோயை வைத்துப் பாருங்கள்.

நிறுத்தினால் அந்த ஆபத்தும் போய்விடுமா?

லிம்போமாவைப் பொறுத்தவரை, ஆம். நான் சொன்ன 2009 ஆய்வில், அசதயோப்ரின் வகையை நிறுத்தியவர்களுக்கு அதை ஒருபோதும் எடுக்காதவர்கள் அளவுக்கே லிம்போமா கண்டது. தோல் புற்றுநோயில் அப்படி இல்லை. பழைய மிச்சம் கொஞ்சம் தங்கும்.

நிறுத்தினால் நோய் திரும்புவதும் உண்டு. நன்றாக அடங்கியிருந்த குரோன் நோயாளர்களிலேயே, அசதயோப்ரினை நிறுத்தியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்து ஆண்டுக்குள் மீண்டும் வருகிறது. பல ஆண்டுகள் அமைதியாக இருந்தவர், வயது ஏறியவர், ஊசி நன்றாக வேலை செய்பவர் என்றால் நிறுத்துவது பற்றி வைத்தியரே பேச்சை எடுக்கலாம். எடுக்காவிட்டால் நீங்கள் எடுங்கள்.

2022 நெருக்கடியின் போது மருந்து கிடைக்காமல் பலர் ஒரு குளிசையை இரண்டாக உடைத்து நாள் கடத்தினார்கள். அந்தப் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. வெளியே வாங்கக் காசில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பாதி அளவில் நோயும் அடங்காது; இரத்தப் பரிசோதனையைப் பார்த்து வைத்தியர் எடுக்கும் முடிவும் பிழைத்துப் போகும்.

மருந்தே எடுக்காவிட்டால் புற்றுநோய் வராதுதானே?

வரும். ஆண்டுக்கணக்கில் அழன்று கிடக்கும் பெருங்குடலிலேயே புற்றுநோய் உருவாகலாம். அழற்சி எவ்வளவு பரந்து, எவ்வளவு காலம் நீடிக்கிறதோ அவ்வளவுக்கு வாய்ப்பும் கூடும். அழற்சியை அடக்கும் மருந்து இந்தப் பக்கத்தில் உங்களுக்குப் பாதுகாப்பு. இதைத் தெரியாமல்தான் பலர் ஒரு புற்றுநோய்க்குப் பயந்து இன்னொன்றுக்கு இடம் கொடுக்கிறார்கள்.

இதற்கென்று ஒரு கண்காணிப்பு முறை இருக்கிறது. நோயின் அறிகுறி தொடங்கி எட்டு ஆண்டு ஆனதும் கொலனோஸ்கோபி செய்து, பெருங்குடலின் உட்பக்கத்தை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்க வேண்டும். பிறகு, ஆபத்தைப் பொறுத்து ஒன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. மலக்குடலில் மட்டும் நோய் உள்ளவர்களுக்கு இது தேவைப்படாது. பித்தக் குழாய்கள் தடிக்கும் ஈரல் நோயும் சேர்ந்து இருந்தால், எட்டு ஆண்டு காத்திருக்காமல் கண்டறிந்த நாளிலிருந்தே ஆண்டுதோறும்.

வன்னியில் இங்கேதான் ஒரு சிக்கல். எட்டு ஆண்டை எண்ணத் தொடக்க ஆண்டு தெரிய வேண்டும். 2009 இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பி, ஸ்கான் படம், அறுவைச் சிட்டை எல்லாம் போய்விட்டன. முகாமிலிருந்து திரும்பியவருக்குப் புதுக் கொப்பி போடும்போது, அன்றைய திகதியையே நோயின் தொடக்கமாக எழுதிய கொப்பிகளும் இருக்கின்றன. முல்லைத்தீவைச் சேர்ந்த ஒரு கடற்றொழிலாளியின் கொப்பியில் நோய் 2011 இல் தொடங்கியதாக இருந்தது. சுனாமிக்கு முன்பே மலத்தில் இரத்தம் போனது என்று பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார். ஏழெட்டு ஆண்டு வித்தியாசம். கொலனோஸ்கோபி எப்போதோ தொடங்கியிருக்க வேண்டியவர்.

உங்கள் கொப்பியைத் திறந்து பாருங்கள். ஆண்டு நினைவில் இல்லாவிட்டால் சுனாமிக்கு முன்பா, இடப்பெயர்வுக்கு முன்பா, மூத்த பிள்ளை பிறக்கும் முன்பா என்று வீட்டில் கேட்டுப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

கொலனோஸ்கோபிக்கு யாழ்ப்பாணத்துக்கோ வேறு நகரத்துக்கோ அனுப்பினால், வயிறு கழுவும் மருந்தை வீட்டில் குடித்துவிட்டு ஏ9 வீதியில் பஸ்ஸில் போவதை எண்ணிப் பாருங்கள். தூரத்தைச் சொல்லி, முதல் நாளே வார்ட்டில் அனுமதிக்க முடியுமா என்று கேட்டால் பெரும்பாலும் ஏதாவது வழி செய்வார்கள்.

நான் வயல் செய்கிறவன். வெயிலுக்குப் போகக் கூடாதா?

போகலாம். உடலை மூடிக்கொண்டு போங்கள்.

அசதயோப்ரின் உடலில் மாறி வரும் ஒரு பொருள், தோல் உயிரணுக்களின் மரபுப் பொருளுக்குள் போய் அமர்கிறது. சாதாரணமாகத் தோல் தாங்கிவிடும் யூ.வி.ஏ. என்ற ஒளிக்கதிரை அது உறிஞ்சி, அந்த இடத்திலேயே சேதம் செய்கிறது. வெள்ளைத் தோல் உள்ளவர்களிடம் இதனால் தோல் புற்றுநோய் கூடுவது தெளிவாகக் காணப்பட்டிருக்கிறது. நம் கருந்தோல் நல்ல காவல். நமக்கு வாய்ப்பு மிகவும் குறைவு. ஆனால் வெண்புள்ளி உள்ள இடங்களுக்கும் பழைய தீக்காயத் தழும்புகளுக்கும் அந்தக் காவல் இல்லை.

முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, கழுத்தில் துவாய். அருவி வெட்டும் சூடடிப்பும் உள்ள நாட்களில் முடிந்தவரை காலையும் மாலையும் வேலை. உச்சி வெயிலில் நிழல். கடலுக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் சேரும். கருந்தோலில் மெலனோமா வந்தால் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும்தான் அதிகம் வரும். வெறுங்காலோடு வயலில் நிற்பவர்கள் அடிபட்ட கறுப்பு என்று விட்டுவிடுவார்கள். அடிபட்ட கறுப்பு நகத்தோடு வளர்ந்து வெளியே வரும். வளராமல் அகலும் கறுப்பைக் காட்டுங்கள்.

வெற்றிலை போடலாமா?

பாக்கும் புகையிலையும் சேர்ந்த வெற்றிலையை விடுங்கள். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே போதும், வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவர. இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். அசதயோப்ரினைப் பற்றி ஓராண்டாகக் கவலைப்பட்ட ஒருவர், கன்னத்தின் உட்பக்கத்தில் வெள்ளைப் படலத்தோடு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கவலையில் பாதியையாவது வெற்றிலைத் தட்டத்தின் மேல் திருப்பியிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது. சுருட்டும் பீடியும் சிகரெட்டும் இதே கணக்கில் சேரும். குரோன் நோயை மோசமாக்குவதிலும் புகைக்கு நேரடிப் பங்கு உண்டு.

பெண்களுக்கு வேறு ஏதாவது கவனம் தேவையா?

கருப்பைக் கழுத்து. அங்கே புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைப் பெரும்பாலும் உடல் தானாகவே விரட்டிவிடும்; எதிர்ப்புச் சக்தி குறைந்தால் விரட்டும் வேகமும் குறையும். சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதுப் பெண்களை அழைத்துப் பாப் பரிசோதனை செய்கிறார்கள். நீங்கள் இந்த மருந்துகளை எடுப்பவர் என்றால் அந்த வயதுக்காகக் காத்திருக்காமல், முன்னதாகவும் அடிக்கடியும் செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் மருந்தின் பெயரைச் சொன்னால் அவர் வழி காட்டுவார். பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு 2017 முதல் எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது. அது உயிருள்ள கிருமி ஊசி அல்ல. குடல் நோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளைக்கும் போடலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுப்பது புற்றுநோய் பார்க்கவா?

இல்லை. டெங்குக் காலத்தில் எல்லோருக்கும் பழகிய எப்.பி.சி. பரிசோதனைதான் அது. வெள்ளையணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்குகின்றனவா என்று பார்க்கிறார்கள். கூடவே ஈரலும் பார்க்கப்படும். தொடங்கிய முதல் வாரங்களில் அடிக்கடியும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவதும் தேவை.

நம்மைப் போன்ற ஆசியர்களில் குறிப்பிட்ட பங்கினருக்கு ஒரு மரபணு மாற்றத்தால் சாதாரண அளவு அசதயோப்ரின் குளிசையே மிகையாகிவிடும். அவர்களுக்கு முதல் சில வாரங்களிலேயே தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டும். எண்ணெய் மாற்றிப் பார்க்கும் விடயமல்ல அது. அன்றே போய் எப்.பி.சி. செய்யுங்கள்.

கவுட் நோய்க்கு அலோபியூரினோல் அல்லது ஃபெபுக்சோஸ்டாட் எடுப்பவர் அசதயோப்ரினும் எடுத்தால் எலும்பு மச்சையே படுத்துவிடலாம். இரண்டு கிளினிக், இரண்டு கொப்பி, இரண்டு வைத்தியர் என்று போகும்போதுதான் இந்த விபத்து நடக்கிறது. எல்லாக் கொப்பிகளையும் ஒரே பையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. தினமும் போட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். அதோடு கோட்ரைமொக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து சேரக் கூடாது.

புற்றுநோயைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து எது?

காய்ச்சல். சந்தேகமே வேண்டாம். பெரும்போகத்துக்கு மழை தொடங்கி, சேற்றில் கால் வைக்கும் மாதங்களில் எலிக்காய்ச்சலும், மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸும் நம் பகுதியில் உண்டு. எதிர்ப்புச் சக்தி குறைந்தவரை இவை சில நாட்களில் கொண்டுபோய்விடும். காலில் வெட்டுக்காயத்தோடு வயலில் இறங்காதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எலிக்காய்ச்சலுக்காகக் கொடுக்கும் டொக்சிசைக்கிளினை எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும்.

ஊசி மருந்துக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். காய்ச்சலோடு வெளிநோயாளர் பிரிவுக்குப் போனால் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "எனக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து போகிறது."

அடிக்கடி சி.டி. ஸ்கான் எடுத்தாலும் புற்றுநோய் வருமாமே?

கதிர்வீச்சு சேரச் சேர வாய்ப்பு சிறிதளவு கூடும். இளம் நோயாளர்களில் அதைக் குறைக்கவே எம்.ஆர்.ஐ. விரும்பப்படுகிறது. ஆனால் எம்.ஆர்.ஐ. ஒரு பெரும் காந்தம். வன்னியில் எத்தனையோ பேர் உடலில் இன்றும் ஷெல் துண்டுகளோடு நடமாடுகிறார்கள். சின்னத் துண்டுதானே, வலி இல்லையே என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். காந்தத்துக்குள் அது அசையலாம், சூடேறலாம். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ அருகில் இருந்தால் பெரும் ஆபத்து. எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டுக் காட்டுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள்.

எந்த அறிகுறியைக் கண்டால் கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது?

கழுத்து, கக்கம், அரையில் வலியில்லாமல் சில வாரங்களாகப் பெரிதாகும் கட்டி. இரவில் உடுப்பு நனையும் வியர்வையோடு காய்ச்சலும் மெலிவும்; இது காசநோயாகவும் இருக்கலாம், இரண்டுமே பார்க்கப்பட வேண்டும். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண், தோல் புண். சிறுநீரில் இரத்தம், குறிப்பாகப் புகைக்கும் ஆண்களில். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு. நன்றாக அடங்கியிருந்த நோயில் திடீரென்று மலம் போகும் விதம் மாறுவது. "பழைய வருத்தம்தான் திரும்புகிறது" என்று நீங்களாகத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய் இருந்தது. எனக்கு இந்த மருந்து கூடாதா?

அதனால் மட்டும் மருந்து தடைப்படாது. பெற்றோருக்கோ சகோதரருக்கோ பெருங்குடல் புற்றுநோய் இருந்தால் மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். கொலனோஸ்கோபியின் இடைவெளி குறையும்.

உங்களுக்கே முன்பு புற்றுநோய் வந்து தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ சிகிச்சை பெற்றிருந்தால் அது வேறு பேச்சு. என்ன புற்றுநோய், எந்த ஆண்டு, இப்போது எப்படி என்பதைப் பார்த்து இரண்டு வைத்தியர்களும் பேசி முடிவெடுக்க வேண்டும். அந்தச் சிகிச்சைக் கொப்பியை ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள், மருந்து தரமாட்டார்களோ என்ற பயத்தில். தருவதற்கு வழிகள் இருக்கின்றன. தெரிந்தால்தான் சரியானதைத் தெரிவு செய்ய முடியும்.

சித்த மருந்துக்கு மாறலாமா?

மாறினாலும் சேர்த்து எடுத்தாலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து சொல்லாமல் விடுவதால்தான் கேடு. ஈரல் பரிசோதனை ஏறும்போது, காரணம் குளிசையா கசாயமா என்று தெரியாமல் இரண்டையும் நிறுத்த வேண்டி வரும். என்ன சேர்ந்தது என்று எழுதாத சூரணப் பொட்டலத்தை வாங்க வேண்டாம்.

கலியாணம் பேசுகிறார்கள். பிள்ளை பெறலாமா? பிள்ளைக்குப் புற்றுநோய் வருமா?

பெறலாம். அசதயோப்ரின் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் கூடுவதாகக் காணவில்லை. கர்ப்ப காலத்திலும் பொதுவாக அதைத் தொடர்வார்கள், ஏனென்றால் நோய் கிளம்புவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிய கெடுதல். தாய்ப்பாலும் கொடுக்கலாம். ஆனால் மெதோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும்; பிள்ளைக்கு முயல்வதற்குச் சில மாதங்கள் முன்பே வைத்தியரிடம் சொல்லி மாற்ற வேண்டும். சல்பாசலசின் ஆண்களின் விந்தணுவைத் தற்காலிகமாகக் குறைக்கும்; நிறுத்தினால் சில மாதங்களில் சரியாகும். கர்ப்பத்தில் இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் ஊசி போட்டிருந்தால், பிறந்த பிள்ளைக்கு பி.சி.ஜி. போடுவதற்கு முன் பிரசவ வார்ட்டில் அதைச் சொல்லுங்கள். நம் நாட்டில் பி.சி.ஜி. பிறந்த உடனேயே போடப்படுவதால், பிரசவத்துக்குப் போகும் முன்பே கர்ப்பிணிக் கொப்பியின் முன்பக்கத்தில் மருந்தின் பெயரையும் கடைசியாக ஊசி போட்ட திகதியையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.